எச்-4ல் இருக்கிறேன், பி.இ. படித்தவள்: அமெரிக்காவில் துரித நர்சிங் படிப்புக்கு விண்ணப்பிப்பது பற்றி

கொங்குப்பெண்

எல்லோருக்கும் வணக்கம். நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் இருக்கிறோம். கோவையில் பி.இ. இ.சி.இ. முடித்துவிட்டு சென்னையில் கொஞ்ச காலம் டெஸ்டிங் வேலை பார்த்தேன். கல்யாணமாகி எச்-4ல் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைக்கான விசா) இங்கே வந்ததோடு அது நின்றுபோனது. மகள் இப்போது ஒன்றாம் வகுப்பு போகிறாள். பக்கத்து மருத்துவமனையில் வாரம் ஒரு நாள் தன்னார்வலராகப் போய்க்கொண்டிருக்கிறேன். நோயாளிகளைச் சக்கர நாற்காலியில் வைத்து ஸ்கேனுக்குக் கூட்டிப் போவது, போர்வை எடுத்துக் கொடுப்பது மாதிரி வேலைதான். ஆனால் நர்சுகள் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்கப் பார்க்க, நானும் இதைத்தான் செய்யவேண்டும் என்று மனதில் உறுதியாகிவிட்டது.

ஏற்கெனவே ஒரு பட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வருடம், ஒன்றேகால் வருடத்தில் பி.எஸ்சி. நர்சிங் தரும் ஆக்ஸிலரேட்டட் பி.எஸ்.என். படிப்பு இருப்பது தெரியவந்தது. இந்தியப் பட்டத்தை வைத்து இதற்கு விண்ணப்பித்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா? எங்கிருந்து தொடங்குவது? வீட்டில் யாருக்கும் இதில் அனுபவம் இல்லை.

இரவுப்பணி

வாருங்கள் தங்கச்சி. நான் எம்.சி.ஏ. முடித்துவிட்டு இந்த வழியாகத்தான் நர்ஸ் ஆனேன். இப்போது பென்சில்வேனியாவில் ஸ்டெப்-டவுன் வார்டில் (தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அடுத்த நிலை) இரவுப் பணி.

இந்தப் படிப்பு புதிது இல்லை. செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் 1971லேயே தொடங்கிவிட்டது. இப்போது நாடு முழுக்க இருக்கிறது. பெரும்பாலும் 11 முதல் 18 மாதம். ட்ரெக்சலில் 11 மாதம், நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 15 மாதம். முதல் பட்டத்தில் படித்த பொதுப் பாடங்களை அவர்கள் ஏற்றுக்கொள்வதால், நர்சிங் பாடங்களையும் மருத்துவமனைப் பயிற்சியையும் மட்டும் இடைவெளி இல்லாமல் நடத்துகிறார்கள். கோடை விடுமுறை என்ற பேச்சே கிடையாது.

ஆனால் அந்த 15 மாதத்துக்கு முன்னால் இன்னொரு வருடம் ஒளிந்திருக்கிறது. முன்தேவைப் பாடங்கள். அனாட்டமி அண்ட் பிசியாலஜி இரண்டு பருவம், மைக்ரோபயாலஜி (மூன்றுக்கும் லேப் உண்டு), ஸ்டாட்டிஸ்டிக்ஸ், கெமிஸ்ட்ரி, வளர்ச்சி உளவியல், சில இடங்களில் ஊட்டச்சத்து. நீங்கள் இ.சி.இ. என்பதால் கணக்கு, கெமிஸ்ட்ரி கொஞ்சம் கழியலாம். ஆனால் அறிவியல் பாடங்கள் ஐந்து அல்லது ஏழு வருடத்துக்குள் படித்ததாக இருக்கவேண்டும் என்று பல பள்ளிகள் கேட்கும். ஆகவே உயிரியல் பாடங்களைப் புதிதாகத்தான் எடுக்கவேண்டி வரும். பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடப் படிப்புகள் தரும் உள்ளூர்க் கல்லூரி) எடுங்கள், பல்கலைக்கழகத்தில் எடுத்துப் பணத்தைக் கரைக்காதீர்கள். மதிப்பெண் ஒன்றுதான், கட்டணம்தான் வேறு.

அதிலும் அனாட்டமியைச் சாதாரணமாக நினைக்கவேண்டாம். லேப் பிராக்டிகல் எப்படி இருக்கும் தெரியுமா? அறை முழுக்க மேஜைகள். ஒரு மேஜையில் பாதியாக வெட்டிய ஆட்டு இதயம், அதில் கலர் தலை வைத்த குண்டூசி ஒன்று. இந்த வால்வின் பெயர் என்ன, ரத்தம் இதைத் தாண்டி எங்கே போகும் என்று ஒரு சீட்டில் கேள்வி. ஒரு நிமிடம் ஆனதும் மணி அடிக்கும், அடுத்த மேஜைக்கு நகரவேண்டும். ஸ்பெல்லிங் தப்பானால் மதிப்பெண் போச்சு. பி.இ.யில் கடைசி வாரம் உட்கார்ந்து படித்துத் தேறிய பழக்கம் இதற்கு உதவாது. தினமும் படிக்கவேண்டும்.

டல்லாஸ்வாசி

இரவுப்பணி அக்கா சொன்னதெல்லாம் சரி. ஆனால் எச்-4ல் இருப்பவர்கள் வரிசையைத் திருப்பிப் போட்டுப் பார்க்கவேண்டும் என்பது என் கருத்து. பள்ளியிலிருந்து தொடங்காதீர்கள். வேலையிலிருந்து தொடங்கி, உரிமம், பயிற்சி, பள்ளி என்று பின்னோக்கி வாருங்கள். என் மனைவிக்கு இதையெல்லாம் நான்தான் தேடி அலைந்தேன், அதனால் சொல்கிறேன்.

வேலை: எச்-4ல் படிக்கத் தடையில்லை. வேலை செய்ய இ.ஏ.டி. என்ற வேலை அனுமதி அட்டை வேண்டும். 2015 மே மாதம் வந்த விதிப்படி, கணவருக்கு ஐ-140 என்ற கிரீன் கார்டு மனு ஒப்புதல் ஆகியிருந்தால்தான் (அல்லது எச்-1பி ஆறு வருடத்தைத் தாண்டி நீட்டிக்கப்பட்டிருந்தால்) அது கிடைக்கும். அது இல்லாவிட்டால் படித்து முடித்தபின் எச்-1பி வாங்கலாம் என்று நினைக்காதீர்கள். நர்ஸ் உரிமத்துக்கு இரண்டு வருட அசோசியேட் பட்டமே போதும் என்பதால், பொது வார்டு நர்ஸ் வேலையை எச்-1பிக்குரிய சிறப்புத் தொழிலாகக் குடியேற்றத் துறை வழக்கமாக ஏற்பதில்லை.

கிரீன் கார்டு: நர்ஸ் வேலை 'ஷெட்யூல் ஏ' என்ற ஆள் பற்றாக்குறைத் தொழில்களின் பட்டியலில் இருக்கிறது. உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று தொழிலாளர் துறையிடம் காட்டும் பெர்ம் கட்டம் இல்லாமல் நேராக ஐ-140 போடலாம். இதைக் கேட்டு நிறையப் பேர் சந்தோஷப்படுகிறார்கள். பெர்ம்தான் மிச்சமே தவிர, இந்தியாவில் பிறந்தவர்கள் அதே இ.பி.-3 கிரீன் கார்டு வரிசையில்தான் நிற்கவேண்டும்.

உரிமம்: பல மாநில நர்சிங் வாரியங்கள் சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்கும். இ.ஏ.டி. இல்லாத எச்-4க்கு அந்த எண் கிடையாது. கலிஃபோர்னியாவில் அதற்குப் பதிலாக ஐடின் என்ற வரி எண்ணை ஏற்கச் சட்டமே இருக்கிறது. எல்லா இடத்திலும் அப்படி இல்லை. உங்கள் மாநில வாரியத்துக்கே மின்னஞ்சல் போட்டு எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள்.

பயிற்சி: பின்புலச் சரிபார்ப்புக்காக சில மருத்துவமனைகள் மாணவர்களிடமும் அந்த எண்ணைக் கேட்கும். பள்ளி இடம் கொடுத்துவிடும், மருத்துவமனை உள்ளே விடாது என்ற நிலை வரக்கூடாது. சேர்க்கை அலுவலகத்தில் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்.

இந்த நான்குக்கும் பதில் கிடைத்தபிறகு எந்தப் பள்ளி என்று பார்க்கலாம்.

கொங்குப்பெண்

ரொம்ப நன்றிங்க. கணவருக்கு ஐ-140 ஆகிவிட்டது. எனக்கு இ.ஏ.டி.யும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் இருக்கிறது. அப்படியென்றால் பாதிக் கவலை தீர்ந்ததா? அப்புறம் இந்திய மதிப்பெண் பட்டியலை இவர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள்? எனக்கு 68 சதவீதம்தான்.

டல்லாஸ்வாசி

பெரும்பகுதி தீர்ந்தது. ஒன்றை மட்டும் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். இ.ஏ.டி. புதுப்பிக்க விண்ணப்பித்தால் தானாக 540 நாள் நீளும் என்ற சலுகை 2025 அக்டோபர் 30 முதல் இல்லை. முடியும் தேதிக்கு 180 நாள் முன்பே விண்ணப்பிக்கலாம், அந்த முதல் நாளே போட்டுவிடுங்கள். நர்ஸ் வேலை கிடைத்து, ஓரியன்டேஷன் நடுவில் அட்டை காலாவதியானால் அந்த இடம் கைவிட்டுப் போகும்.

மணிமுத்தாறு

68க்குப் பயப்படவேண்டாம். வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் டபிள்யூ.இ.எஸ்., இ.சி.இ. (உங்கள் பாடப்பிரிவு இல்லை, ஒரு நிறுவனத்தின் பெயர்) மாதிரி நிறுவனங்கள் இந்திய மதிப்பெண்ணை அப்படியே சதவீதமாகப் பார்க்காது. நம்மூரில் 60க்கு மேல் முதல் வகுப்பு என்பது அவர்களுக்குத் தெரியும். எனக்கு 64 இருந்தது, ஜி.பி.ஏ. நான் நினைத்ததைவிட நன்றாகவே வந்தது. கேட்கும்போது 'கோர்ஸ் பை கோர்ஸ்' அறிக்கைதான் கேட்கவேண்டும். வெறும் பட்டச் சமநிலை அறிக்கை நர்சிங் பள்ளிக்குப் போதாது. எந்த நிறுவனத்தின் அறிக்கையை ஏற்பார்கள் என்று பள்ளியிடம் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

நாள் பிடிப்பது ஊர்ப் பக்கத்தில்தான். பல்கலைக்கழகத்திலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் முத்திரையிட்ட உறையிலோ மின்வழியிலோ நேராகப் போகவேண்டும். நாம் கையில் வைத்திருக்கும் மார்க் ஷீட்டை அனுப்பினால் ஏற்கமாட்டார்கள். ஊரில் அண்ணனோ தம்பியோ ஒருவர் நேரில் போய்க் கேட்டால்தான் சீக்கிரம் நகரும். விண்ணப்பக் கடைசித் தேதிக்கு நான்கைந்து மாதம் முன்பே தொடங்குங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: பி.இ., பி.டெக். நான்கு வருடம் என்பதால் சிக்கல் இல்லை. பி.எஸ்சி., பி.காம். மூன்று வருடம் படித்தவர்கள் கவனியுங்கள். கல்லூரிக்கு நாக் என்ற இந்தியக் கல்லூரித் தர அமைப்பின் 'ஏ' தரம் இருந்து, முதல் அல்லது இரண்டாம் வகுப்பில் தேறியிருந்தால் டபிள்யூ.இ.எஸ். அதை முழு இளங்கலைப் பட்டமாகவே மதிப்பிடுகிறது. அப்படி வராவிட்டால் முதுகலையையும் சேர்த்து மதிப்பிடச் சொல்லுங்கள்.

பழைய_சென்னைக்காரன்

தப்பாக நினைக்கவேண்டாம், அக்கறையில்தான் கேட்கிறேன். பொறியியல் படித்த பெண் மறுபடி முதலிலிருந்து ஏன்? டேட்டா பக்கம் ஏதாவது ஒரு சான்றிதழ் முடித்தால் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். நர்ஸ் வேலை என்றால் 12 மணி நேரம் நிற்கவேண்டும், மலம் மூத்திரம் எல்லாம் எடுக்கவேண்டும். ஊரில் சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்றும் யோசிக்கவேண்டும் இல்லையா?

இரவுப்பணி

ஐயா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் இந்தக் கேள்விக்கு நான் முழுதாகப் பதில் சொல்லியாகவேண்டும்.

ஆமாம், மலம் எடுப்போம். எடுக்கும்போதே அதன் நிறத்தைப் பார்ப்போம். தார் மாதிரி கருத்திருந்தால் மேல் வயிற்றில் எங்கோ ரத்தம் கசிகிறது என்று சந்தேகப்பட்டு, ரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் மறுபடி எடுத்து, ஹீமோகுளோபின் முந்தைய நாள் எவ்வளவு என்று பார்த்து, அதிகாலை மூன்று மணிக்கு டாக்டரை எழுப்புவோம். அந்த நோயாளி ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர் என்பதும் நம் நினைவில் இருக்கவேண்டும். சுத்தம் செய்வதும் நோயைக் கவனிப்பதும் இரண்டு வேலை இல்லை. குளிப்பாட்டும்போதுதான் முதுகில் தொடங்கும் படுக்கைப்புண் கண்ணில் படும்.

வருமானமும் குறைவில்லை. 2024 மே கணக்குப்படி பதிவுபெற்ற நர்சுகளின் இடைநிலை ஆண்டு ஊதியம் 93,600 டாலர் என்று அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை சொல்கிறது. சொந்தக்காரர்கள் பேச்சு எனக்கும் வந்தது. அவர்களுக்கே முடியாமல் போனபோது எந்த மருந்தை எப்போது சாப்பிடுவது என்று எனக்குத்தான் போன் செய்கிறார்கள். கொங்குப்பெண்ணுக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது, வாரம் தவறாமல் போய்ப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறாள். அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தரவேண்டியதில்லை.

பழைய_சென்னைக்காரன்

நீங்கள் சொன்ன விதத்தில் நான் யோசித்ததில்லை. நன்றி. தங்கச்சிக்கு வாழ்த்துகள்.

வைகைக்கரை

நான் வேறு வழியைச் சொல்கிறேன். இரவுப்பணி அக்காவுக்கு இது பிடிக்காமல் போகலாம்.

தனியார் பல்கலைக்கழகங்களில் துரிதப் படிப்புக்குக் கட்டணம் மட்டுமே 60 ஆயிரம் டாலரைத் தாண்டும் இடங்கள் நிறைய. எச்-4க்கு மத்திய அரசின் கல்விக் கடன் கிடையாது. தனியார் கடன் வாங்க பெரும்பாலும் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள ஒருவர் இணைக் கையெழுத்துப் போடவேண்டும். அத்தனை பணத்தைக் கையிலிருந்து போட முடியுமா? நான் கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருட அசோசியேட் நர்சிங் படித்தேன். கலிஃபோர்னியாவில் அந்த மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். எழுதும் உரிமத் தேர்வு அதே என்கிளெக்ஸ்-ஆர்.என்.தான், கிடைக்கும் உரிமமும் அதே உரிமம்தான். வேலைக்குச் சேர்ந்தபின் மருத்துவமனைச் செலவிலேயே ஆன்லைனில் பி.எஸ்.என். முடித்தேன்.

முதல் பட்டம் இருக்கிறதே என்பதற்காகத் துரிதப் படிப்புக்குத்தான் போகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இரவுப்பணி

பிடிக்காமல் என்ன வைகை, பணக் கணக்கில் நீ சொல்வதுதான் சரி. ஆனால் இரண்டு விஷயம். கிழக்குக் கரையில் பெரிய மருத்துவமனைகள், குறிப்பாக நர்சிங் தரத்துக்கான மேக்னட் அங்கீகாரம் பெற்றவை, புது நர்சுகளை எடுக்கும்போது பி.எஸ்.என். இருப்பவர்களையே முதலில் பார்க்கின்றன. நியூயார்க்கில் 2017ல் ஒரு சட்டமே போட்டார்கள், உரிமம் வாங்கிப் பத்து வருடத்துக்குள் பி.எஸ்.என். முடிக்கவேண்டும் என்று. இன்னொன்று காத்திருப்பு. சில கம்யூனிட்டி காலேஜ்களில் முன்தேவைகளை முடித்தபின்னும் இடத்துக்காக நீண்ட நாள் வரிசையில் நிற்கவேண்டியிருக்கும், சில இடங்களில் குலுக்கல். அந்தக் காலத்தில் போகும் சம்பளத்தையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

கொங்குப்பெண் இருப்பது நியூ ஜெர்சி. அரசுப் பல்கலைக்கழகத்தில் மாநிலக் குடியிருப்பாளர் கட்டணம் எச்-4க்குக் கிடைக்குமா என்று முதலில் விசாரிக்கட்டும். கிடைத்தால் துரிதப் படிப்பு, கிடைக்காவிட்டால் உன் வழி. நான் அப்படித்தான் சொல்வேன்.

வைகைக்கரை

அதில் எனக்கும் சம்மதம் அக்கா. இரண்டு வழிக்கும் முன்தேவைகள் கிட்டத்தட்ட ஒன்றே என்பதால், இப்போது அனாட்டமியில் சேர்வதில் நஷ்டமே இல்லை. அது முடியும்போது முடிவெடுக்கலாம்.

ஆஸ்டின்_தம்பி

நான் இப்போது துரிதப் படிப்பில் இரண்டாம் பருவத்தில் இருக்கிறேன். முன்பு ஐ.டி. ஆண்களும் வரலாம் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். எங்கள் வகுப்பில் கணக்காளர், பள்ளி ஆசிரியை, ராணுவத்திலிருந்து வந்தவர் என்று எல்லோரும் இருக்கிறார்கள்.

எனக்குக் கிரீன் கார்டு இருப்பதால் பண விஷயம் கொஞ்சம் வேறு. ஏற்கெனவே இளங்கலைப் பட்டம் இருந்தால், அது இந்தியப் பட்டமாக இருந்தாலும், பெல் கிராண்ட் என்ற மத்திய அரசு உதவித்தொகை கிடையாது. மத்திய அரசுக் கடன் உண்டு, ஆனால் பெற்றோரைச் சார்ந்திராத இளங்கலை மாணவருக்கு வருடத்துக்கு 12,500 டாலர்தான் அதிகபட்சம். அது போதாது. கிரீன் கார்டோ குடியுரிமையோ உள்ளவர்கள் நர்ஸ் கோர் உதவித்தொகைக்குக் கட்டாயம் விண்ணப்பியுங்கள். கட்டணத்தையும் கட்டி, மாதாமாதம் செலவுக்கும் கொடுத்து, படித்தபின் பற்றாக்குறை உள்ள இடத்தில் குறைந்தது இரண்டு வருடம் வேலை செய்யச் சொல்வார்கள். நேரடி முதுகலை நர்சிங் பக்கம் போக நினைப்பவர்களுக்கு: முதுகலை மாணவர்களுக்கான கிராட் பிளஸ் என்ற மத்திய அரசுக் கடனை 2026 ஜூலை முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு நிறுத்திவிட்டார்கள். பழைய வலைப்பக்கங்களைப் படித்துத் திட்டம் போடாதீர்கள்.

படிப்பு பற்றி. வாரத்தில் இரண்டு நாள் மருத்துவமனை, காலை 6:45க்கு வார்டில் நிற்கவேண்டும். மற்ற நாள் வகுப்பு, சிமுலேஷன் லேப், தேர்வு. மருந்தளவுக் கணக்குத் தேர்வுக்கு எங்கள் பள்ளியில் 90 எடுக்கவேண்டும், எடுக்காவிட்டால் வார்டில் மருந்து கொடுக்க விடமாட்டார்கள். ஒரு மாதிரிக் கணக்கு: 250 மில்லி பையில் 25,000 யூனிட் ஹெப்பரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து). நோயாளி 70 கிலோ. கிலோவுக்கு மணிக்கு 18 யூனிட் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். பம்பில் என்ன வேகம் வைப்பாய்? 70ஐ 18ஆல் பெருக்கினால் 1,260 யூனிட். ஒரு மில்லியில் 100 யூனிட் இருக்கிறது. ஆகவே மணிக்கு 12.6 மில்லி. நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணக்கு சுலபம்தான். ஆனால் புள்ளி ஒரு இடம் தள்ளி விழுந்து 126 என்று வைத்துவிட்டால் அந்த ஆளுக்கு மூளையில் ரத்தம் கசியலாம். அதனால்தான் அவ்வளவு கறாராக இருக்கிறார்கள், அப்படி இருப்பதுதான் நியாயம்.

படிக்கும்போது முழு நேர வேலை முடியாது. எங்களோடு சேர்ந்தவர்களில் சிலர் அதை முயன்று முதல் பருவத்திலேயே போய்விட்டார்கள். இரண்டு பாடம் தவறினால் வெளியே அனுப்பிவிடும் பள்ளிகள் நிறைய.

கொங்குப்பெண்

தம்பி, இப்படி விளக்கமாகச் சொன்னதற்கு நன்றி. நுழைவுத் தேர்வு எழுதவேண்டுமா? டீஸ் என்று ஒன்று சொல்கிறார்களே.

ஆஸ்டின்_தம்பி

பள்ளியைப் பொறுத்தது அக்கா. சிலர் டீஸ் கேட்பார்கள், சிலர் எச்.இ.எஸ்.ஐ. ஏ2, சிலர் இரண்டுமே கேட்பதில்லை. டீஸில் 170 கேள்வி, 209 நிமிடம். வாசிப்பு, கணக்கு, அறிவியல், ஆங்கிலம் என்று நான்கு பகுதி. அறிவியலில் அனாட்டமிதான் அதிகம் என்பதால் அந்த இரண்டு பருவத்தை முடித்த கையோடு எழுதுங்கள், தனியாகப் படிக்கும் வேலை குறையும். கணக்குக்கு நேரம் ஒதுக்கவே வேண்டாம். நமக்குக் குறைவது வாசிப்புப் பகுதியில்தான். அதற்கு மாதிரித் தேர்வுகள் எழுதிப் பாருங்கள். இந்தியாவில் ஆங்கில வழியில் படித்திருந்தாலும் சில பள்ளிகள் டோஃபல் கேட்கும், அதையும் விசாரியுங்கள்.

வடமராட்சியான்

ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன். கனடாவிலும் இப்படி உண்டு. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் தாதியியல் பட்டமே வேறு படிப்பு முடித்துவிட்டு வருபவர்களுக்கானதுதான், இரண்டு வருடம். வன்கூவரில் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் 20 மாதம். இங்கேயும் அதே என்கிளெக்ஸ் சோதனைதான், 2015இல் இருந்து. கனடாவுக்கு மாறும் எண்ணம் உள்ள குடும்பங்கள் இதையும் யோசிக்கலாம்.

மணிமுத்தாறு

விண்ணப்பக் கட்டுரை பற்றி யாரும் சொல்லவில்லையே. நர்சிங்காஸ் என்ற பொது இணையதளம் வழியாகப் பல பள்ளிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்கலாம், ஆனால் கட்டுரை ஒவ்வொரு பள்ளிக்கும் வேறு கேட்பார்கள். பரிந்துரைக் கடிதம் இரண்டு மூன்று. கோவைப் பேராசிரியரைத் தேடி ஓடவேண்டாம், அவருக்கு முகமே நினைவிருக்காது. இப்போது எடுக்கப்போகும் அனாட்டமி ஆசிரியரிடம் முன் வரிசையில் உட்கார்ந்து, அவர் அலுவலக நேரத்தில் போய்ச் சந்தேகம் கேளுங்கள். பருவ முடிவில் அவர் எழுதும் கடிதத்தில் உயிர் இருக்கும். இன்னொன்று தன்னார்வ ஒருங்கிணைப்பாளரிடம்.

இரவுப்பணி

கட்டுரையை நான் சொல்கிறேன், சிலருக்குப் படித்துத் திருத்திக் கொடுத்திருக்கிறேன். நம்மவர்கள் எழுதும் எல்லாக் கட்டுரையும் 'சிறு வயது முதலே சேவை செய்ய ஆசை' என்றுதான் தொடங்குகிறது. படிப்பவருக்கு அதில் உங்களைப் பற்றி ஒன்றுமே தெரியாது. நீங்கள் நின்று பார்த்த ஒரு விஷயத்தை எழுதுங்கள். எந்த நர்ஸ் என்ன செய்தார், எதைக் கவனித்தார், அதனால் என்ன மாறியது, இவ்வளவு போதும். நோயாளியின் பெயரோ அடையாளமோ வரக்கூடாது. டெஸ்டிங் வேலையையும் மறைக்காதீர்கள். பிழை எங்கே ஒளிந்திருக்கும் என்று ஒழுங்காகத் தேடுவதும், கண்டதை அடுத்தவருக்குப் புரியும்படி எழுதி வைப்பதும் வார்டில் தினமும் செய்வதுதான். வேலை இல்லாத வருடங்களுக்கு ஒரு வரி போதும், குழந்தையை வளர்த்தேன் என்று நேராகச் சொல்லுங்கள். மன்னிப்புக் கேட்கும் குரல் வேண்டாம்.

தமிழ் தெரியும் என்பதையும் எழுதலாம், ஆனால் யோசித்து எழுதுங்கள். எங்கள் வார்டுக்கு ஒரு முறை திருநெல்வேலிப் பாட்டி வந்திருந்தார். மகனைப் பார்க்க வந்த இடத்தில் நெஞ்சு வலி. 'எனக்குத் தமிழ் தெரியும்' என்று நான் போய் நின்றதும் பாட்டி என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. ஆனாலும் ஆஞ்சியோகிராம் ஒப்புதலுக்கு வீடியோ வழியாகத் தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளரைத்தான் கூப்பிட்டோம். மருத்துவ விஷயத்தில் மொழிபெயர்க்கத் தகுதிச் சோதனை தேறியிருக்கவேண்டும், மொழி தெரிந்தால் மட்டும் போதாது. பாட்டிக்குப் பயம் தெளியப் பேசியது நான், ஆபத்துகளை விளக்கியது அவர். இந்த வித்தியாசம் தெரிந்த மாணவி என்று கட்டுரையில் தெரிந்தால், தேர்வுக் குழு உங்களை மறக்காது.

கொங்குப்பெண்

அக்கா, இதைப் படித்ததும் என்ன எழுதவேண்டும் என்று எனக்கே தெரிந்துவிட்டது.

இன்னொரு கேள்வி. ஒரு தனியார் பள்ளி தினமும் போன் செய்கிறது. முன்தேவை எதுவும் வேண்டாம், அடுத்த மாதமே சேரலாம், இந்த வாரம் முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்கிறார்கள். நம்பலாமா?

டல்லாஸ்வாசி

அவசரப்படுத்தும் இடத்தில் பணம் கட்டாதீர்கள். மூன்று விஷயம் பாருங்கள். மாநில நர்சிங் வாரியத்தின் ஒப்புதல் இருக்கிறதா? சி.சி.என்.இ. அல்லது ஏ.சி.இ.என். என்ற நர்சிங் கல்வி அமைப்புகளின் அங்கீகாரம் இருக்கிறதா? அந்தப் பள்ளி மாணவர்கள் முதல் முறையிலேயே என்கிளெக்ஸ் தேறும் விகிதம் என்ன? மூன்றுமே பொதுவில் கிடைக்கும், பள்ளி சொல்வதைக் கேட்டுக்கொள்ளவேண்டாம், வாரியத்தின் இணையதளத்திலேயே பாருங்கள். சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள் என்பதையும் கேளுங்கள். பாதிப் பேரைக் கழித்துவிட்டு மிச்சப் பேரின் தேர்ச்சியைக் காட்டும் இடங்கள் உண்டு.

2023 ஜனவரியில் ஃபுளோரிடாவில் 'ஆபரேஷன் நைட்டிங்கேல்' என்று மத்திய அரசு பிடித்த வழக்கைத் தேடிப் பாருங்கள். 7,600க்கு மேல் போலிப் பட்டங்கள் விற்கப்பட்டிருந்தன. வாங்கியவர்கள் பலர் உரிமத்தை இழந்தார்கள். விசாவில் இருப்பவருக்கு அப்படி ஒரு கறை ஒட்டினால் உரிமத்தோடு நிற்காது.

வைகைக்கரை

வழிமொழிகிறேன். நல்ல பள்ளிகள் நம்மைத் துரத்தாது, நாம்தான் அவர்களைத் துரத்தவேண்டும்.

என்கிளெக்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 ஏப்ரலிலிருந்து புது வடிவம். 85 முதல் 150 கேள்வி வரை, ஐந்து மணி நேரம். நாம் விடையளிக்கும் விதத்தைப் பார்த்துக் கணினி அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுக்கும். ஒரு நோயாளியின் குறிப்புகளைக் கொடுத்து, எது கவலைக்குரியது, முதலில் என்ன செய்வாய் என்று அடுக்கடுக்காகக் கேட்கிறார்கள். மனப்பாடத்துக்கு அங்கே வேலை இல்லை. அதனால் அனாட்டமி படிக்கும் இப்போதே ஒவ்வொரு பாடத்திலும் 'இது கெட்டால் உடம்பில் என்ன தெரியும்' என்று கேட்டுப் பழகுங்கள்.

கொங்குப்பெண்

அந்தப் பள்ளியின் எண்ணைத் தடுத்துவிட்டேன். கம்யூனிட்டி காலேஜில் வரும் பருவத்துக்கு அனாட்டமியும் ஸ்டாட்டிஸ்டிக்ஸும் பதிவு செய்தாயிற்று. வகுப்பு மகள் பள்ளியில் இருக்கும் நேரம். லேப் மட்டும் ஒரு நாள் மாலை, அன்று கணவர் சீக்கிரம் வந்துவிடுவார். டிரான்ஸ்கிரிப்டுக்குத் தம்பி நாளை பல்கலைக்கழகம் போகிறான். அரசுப் பல்கலைக்கழகத்துக்கு மாநிலக் கட்டணம், பின்புலச் சரிபார்ப்பு இரண்டும் கேட்டு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன்.

சேரும்போது தடுப்பூசிச் சான்று கேட்பார்களாமே? என் சிறுவயதுத் தடுப்பூசி அட்டை எங்கே என்று அம்மாவுக்கே தெரியவில்லை. கையில் பி.சி.ஜி. தழும்புதான் இருக்கிறது.

இரவுப்பணி

அட்டை இல்லாவிட்டால் பரவாயில்லை. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா, சின்னம்மை, ஹெபடைடிஸ் பி எல்லாவற்றுக்கும் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி அளவு பார்க்கும் டைட்டர் பரிசோதனை உண்டு. அந்த அறிக்கையை ஏற்பார்கள். காசநோய்க்குத் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனை வேண்டாம் என்று சொல்லுங்கள். பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி) போட்டவர்களுக்கு அது பொய்யாக பாசிட்டிவ் காட்டலாம், அப்புறம் மார்பு எக்ஸ்ரே என்று இழுத்தடிக்கும். குவான்டிஃபெரான் என்ற ரத்தச் சோதனை கேளுங்கள், பி.சி.ஜி. அதைப் பாதிக்காது.

ஹெபடைடிஸ் பி டைட்டரை மட்டும் தள்ளிப் போடாமல் இந்த மாதமே எடுத்துவிடுங்கள். எதிர்ப்புச் சக்தி இல்லை என்று வந்தால் வழக்கமான மூன்று ஊசிகள் முடிய ஆறு மாதம் ஆகும். அது முடியாமல் சில மருத்துவமனைகள் வார்டுக்குள் விடமாட்டார்கள்.